ஏஆர் வேலைக்குப் புதியவரா? அனலிஸ்ட்களைப் பின்தொடரும் பட்டியலை இப்படிப் போடுங்கள்

மென்பொருள் நிறுவனத்தில் அனலிஸ்ட் ரிலேஷன்ஸ் (ஏஆர்), அதாவது சந்தையை ஆராய்ந்து அறிக்கை எழுதும் அனலிஸ்ட்களோடு தொடர்பு வைத்திருக்கும் பொறுப்பு கைக்கு வந்ததும், பலர் கம்பெனி கணக்கில் பதிவு போடத்தான் கிளம்புகிறார்கள். அதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். அனலிஸ்ட்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று காதுகொடுத்துக் கேட்பதுதான் முதல் வேலை. எங்கள் குழுவுக்கு நான் அமைத்துக்கொடுத்த முறை இது.

படி 1: பெயர்கள்

உங்கள் துறையின் நிறுவனங்களை ஒப்பிடும் கார்ட்னரின் மேஜிக் குவாட்ரன்ட், ஃபாரஸ்டர் வேவ், ஐடிசி மார்க்கெட்ஸ்கேப் அறிக்கைகளில் எழுதியவர்களின் பெயர் இருக்கும். எடுத்து ஸ்ப்ரெட்ஷீட்டில் போடுங்கள். சிறிய ஆய்வு நிறுவனங்களையும் சேருங்கள். 2002-இல் தொடங்கிய ரெட்மங்க் தன் ஆய்வை யாரும் படிக்கும்படி வலைப்பதிவிலேயே வெளியிடுகிறது. பெரிய நிறுவனங்களில் கட்டுப்பாடு அதிகம். அனலிஸ்ட்கள் தங்கள் ஆய்வுத் துறை பற்றிய பதிவுகளை நிறுவனத்தின் தளத்தில்தான் எழுத வேண்டும் என்று 2010-இல் ஃபாரஸ்டர் முடிவெடுத்தது. அதனால் இவர்களின் கணக்கில் முழு ஆய்வு கிடைக்காது. அடுத்து எதைத் தோண்டுகிறார்கள் என்ற தடயம் கிடைக்கும். நமக்கு அதுவே பெரிய விஷயம்.

படி 2: எக்ஸில் லிஸ்ட்

எக்ஸில் (பழைய ட்விட்டர்) ஒரு லிஸ்ட்டில் ஆட்களைச் சேர்த்தால், அவர்களின் பதிவுகளை மட்டும் தனியாகப் பார்க்கலாம். இங்கேதான் நிதானம் தேவை. புதிய லிஸ்ட் உருவாக்கும்போது பெயர், விவரம் கேட்கும் பெட்டிகளுக்குக் கீழே, லிஸ்ட்டைத் தனிப்பட்டதாக்கும் தேர்வு ஒன்று இருக்கும். அது தானாக டிக் ஆகியிருக்காது. டிக் செய்யாமல் ஆட்களைச் சேர்த்தால், ஒவ்வொருவருக்கும் ‘உங்களை இந்த லிஸ்ட்டில் சேர்த்துள்ளார்’ என்று அறிவிப்பு போகும். லிஸ்ட்டுக்கு ‘முக்கியமில்லாதவர்கள்’ என்று பெயர் வைத்திருந்தால் அதையும் அவர்கள் பார்ப்பார்கள்! யாரைக் கவனிக்கிறீர்கள் என்பது போட்டியாளருக்கும் தெரிந்துவிடும். பிறகு தனிப்பட்டதாக மாற்றலாம், ஆனால் போன அறிவிப்பு போனதுதான். ஆகவே முதலில் டிக், பிறகு ஆட்கள்.

படி 3: லிங்க்ட்இன்

இங்கே லிஸ்ட் வசதி கிடையாது. ஒவ்வொருவரையும் பின்தொடர்ந்து, மணி ஐகானை அழுத்தி எல்லாப் பதிவுகளுக்கும் அறிவிப்பு வரச் செய்யுங்கள். வலைப்பதிவுகளின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க எனக்குப் பிடித்த கருவி இனோரீடர். காசு கேட்கும் கண்காணிப்புக் கருவிகள் ஆரம்பத்தில் வேண்டவே வேண்டாம்.

படி 4: பதில் சொல்வது

‘இந்த வசதிக்கு யாரெல்லாம் தனிக் கட்டணம் வாங்குகிறீர்கள்?’ என்று ஓர் அனலிஸ்ட் கேட்கிறார் என்று வையுங்கள். ‘அருமையான கேள்வி, டிஎம் பண்ணுங்கள்’ என்று எழுதாதீர்கள். ப்ராடக்ட் மேனேஜரை விட்டு இரண்டு வரியில் நேர்ப்பதில், கூடவே விலைப்பக்கத்தின் இணைப்பு. பிறகு தேதியையும் கேள்வியையும் ஷீட்டில் குறித்துவையுங்கள். அடுத்த ப்ரீஃபிங்குக்கு (நம் ப்ராடக்டைப் பற்றி அனலிஸ்ட்டிடம் நாம் விளக்கும் சந்திப்பு) முன் அந்த வரிசையைப் படித்துவிட்டுப் போனால், எதில் தொடங்குவது என்று தவிக்க வேண்டியிருக்காது.

பின்சேர்க்கை

பல லிஸ்ட்களை ஒரே திரையில் பார்க்க உதவிய ட்வீட்டெக் எங்கே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 2023-இல் அது எக்ஸ் ப்ரோ என்று பெயர் மாறி, கட்டணச் சேவையாகிவிட்டது. எக்ஸிலேயே லிஸ்ட்டை ‘பின்’ (pin) செய்துகொண்டால் இலவசமாகவே வேலை நடக்கும்.

ப்ரீஃபிங்குக்கு வாடிக்கையாளராக இருக்க வேண்டுமா என்பது இன்னொரு கேள்வி. கார்ட்னரிடம்கூடத் தேவையில்லை, யாரும் கோரலாம். காசு கட்டுவது, அனலிஸ்ட்டிடம் நாம் கேள்வி கேட்டு ஆலோசனை பெறும் இன்க்வயரிக்குத்தான். ஆனால் கார்ட்னர் அறிக்கையின் வரியையோ படத்தையோ பதிவில் போடுவதற்கு முன் அவர்களிடம் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்குங்கள். மார்க்கெட்டிங் குழுவிடமும் இதை இன்றே சொல்லிவையுங்கள்.