தமிழ் வினையைப் பார்த்து ஆங்கிலக் காலத்தைத் தெரிவு செய்யாதீர்கள்

ஆங்கில வினைகளின் காலங்களைப் பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட அட்டவணையாக மனனம் செய்துவிட்டு, பேச வேண்டிய இடத்தில் தடுமாறி நிற்கும் மாணவர்களைத் திருகோணமலையில் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அட்டவணையில் பிழையில்லை, மூன்று காலங்களும் அவை ஒவ்வொன்றுக்கும் உரிய நான்கு நிலைகளும் அதில் உள்ளன. தமிழ் வினை எந்தக் காலத்தைக் காட்டுகிறதோ அதையே ஆங்கிலத்திலும் எழுத முனைவதுதான் பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம்.

‘மாமா தினமும் விடியற்காலையில் கடலுக்குப் போவார்’ என்கிறோம். ‘போவார்’ என்பது வடிவத்தில் எதிர்காலம், பொருளிலோ வழக்கம். இதை ‘ஹீ வில் கோ டு சீ எவ்ரி டே’ என்று எழுதினால், இனிமேல்தான் போகத் தொடங்குவார் என்றே வாசிப்பவர் விளங்கிக்கொள்ளக்கூடும். வழக்கத்துக்கு ஆங்கிலம் சாதாரண நிகழ்காலத்தையே கொள்ளும்: ‘ஹீ கோஸ் டு சீ எவ்ரி டே’. கிண்ணியாப் பாலம் வருவதற்கு முன்பு மக்கள் ‘பாதையில் (ஆட்களை ஏற்றிச் செல்லும் மிதவையில்) கடப்பார்கள்’ என்று பெரியவர்கள் சொல்லும்போதும் இதே சிக்கல்தான். அந்தப் பழைய வழக்கத்தை ‘பீப்பிள் யூஸ்ட் டு க்ராஸ் பை ஃபெரி’ என்று எழுத வேண்டும்.

‘வேலை செய்கிறார்’ என்ற ஒரே வடிவம் தமிழில் இரு பொருள் தரும். அக்காவுக்குத் துறைமுகத்தில் நிலையான தொழில் என்றால் ‘ஷீ வர்க்ஸ்’; இந்த நேரத்தில் அல்லது தற்காலிகமாகச் செய்கிறார் என்றால் ‘ஷீ இஸ் வர்க்கிங்’. ‘நோ’ (அறிதல்), ‘அன்டர்ஸ்டாண்ட்’ (விளங்குதல்) போன்ற, மனநிலையைக் குறிக்கும் வினைகள் பொதுவாக ‘இங்’ ஏற்பதில்லை.

அதிக கவனம் தேவைப்படுவது, ‘ஹாவ்’ அல்லது ‘ஹாஸ்’ சேர்ந்து வரும் ‘பிரசன்ட் பெர்ஃபெக்ட்’ என்னும் நிலைக்குத்தான். ‘கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போயிருக்கிறேன்’ என்பதில் எப்போது போனேன் என்பது முக்கியமில்லை. போன அனுபவம் இன்று என்னிடம் இருக்கிறது என்பதே செய்தி. ஆங்கிலத்தில் ‘ஐ ஹாவ் பீன் டு கன்னியா’ என்பது இதற்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் ‘நேற்றுப் போயிருந்தேன்’ என்று நாம் இயல்பாகச் சொல்வதை ‘ஐ ஹாட் கோன் யெஸ்டர்டே’ என்று மாற்றுவது எங்கள் பகுதியில் மிகப் பரவலாகக் காணும் பிழை. முடிந்துபோன நேரம் வாக்கியத்தில் இருந்தால் சாதாரண இறந்தகாலமே போதும்: ‘ஐ வென்ட் யெஸ்டர்டே’. அவ்வாறே, கிண்ணியாப் பாலம் 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்டதைச் சொல்லும்போது ‘வாஸ் ஓபன்ட் இன் 2009’ என்றுதான் எழுதலாம். ஆண்டைக் குறிப்பிட்ட பிறகு ‘ஹாஸ் பீன் ஓபன்ட்’ என்பதற்கு இடமில்லை.

இதற்கு மறுதலையாக, ‘இரண்டு வருடமாக உப்புவெளியில் இருக்கிறேன்’ என்பதில் தமிழ் நிகழ்காலத்தைக் காட்டினாலும், அன்று தொடங்கியது இன்றுவரை நீள்வதால் ‘ஐ ஹாவ் லிவ்ட் இன் உப்புவெளி ஃபோர் டூ இயர்ஸ்’ என்றே வர வேண்டும். ‘ஐ ஆம் லிவிங் ஃபோர் டூ இயர்ஸ்’ என்பது பிழை.

‘ஹாட்’ சேர்ந்த ‘பாஸ்ட் பெர்ஃபெக்ட்’ வடிவத்தை, கடந்துபோன இரண்டு நிகழ்வுகளில் முந்தியது எது என்று காட்ட வேண்டியபோது பயன்படுத்துங்கள். ‘வென் வீ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெயின் ஹாட் லெஃப்ட்’ என்றால், கொழும்பு ரயில் நாங்கள் வருமுன்னரே புறப்பட்டுவிட்டது. ‘த ட்ரெயின் லெஃப்ட்’ என்றால், நாங்கள் சேர்ந்த வேளையில்தான் அது புறப்பட்டது.

எதிர்காலம் அவ்வளவு கடினமன்று. ‘நாளைக்கு மூதூருக்குப் போகிறேன்’ என்று தமிழில் சொல்வதுபோலவே, முன்னரே ஒழுங்குசெய்த பயணத்தை ‘ஐ ஆம் கோயிங் டு மூதூர் டுமாரோ’ என்று சொல்லலாம். அந்த நொடியில் எடுக்கும் முடிவுக்கு ‘வில்’ பொருந்தும்.

பயிற்சிக்காக, இன்று வீட்டில் நடந்தவற்றை ஐந்து தமிழ் வாக்கியங்களில் எழுதுங்கள். மொழிபெயர்ப்பதற்கு முன், ஒவ்வொன்றின் ஓரத்திலும் ‘வழக்கம்’, ‘இப்போது நடப்பது’, ‘முடிந்த நேரம்’, ‘இன்றுவரை நீள்வது’ என்பவற்றுள் பொருந்துவதைக் குறித்துக்கொண்டு, அந்தக் குறிப்பை மட்டும் பார்த்து ஆங்கில வினையைத் தெரிவு செய்யுங்கள்.