ஜெர்கினைக் கழற்றிய பிறகுதான் பெல்ட் பிடித்தது

போன மார்கழியில் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குக் கிளம்பினோம். மேலே கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம், குளிருமே என்று இரண்டு வயது மகளுக்குப் பஞ்சு வைத்த ஜெர்கினை மாட்டி, குழந்தைக்கான கார் சீட்டில் உட்கார வைத்து பெல்ட்டைப் பூட்டினேன். இறுக்கமாகத்தான் தெரிந்தது. 20 கொண்டை ஊசி வளைவில் நான்கைத் தாண்டுவதற்குள் குழந்தை ஒரு பக்கம் சரிந்து, பட்டை தோளிலிருந்து நழுவியிருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தினோம். ஜெர்கினைக் கழற்றி, பட்டையின் நீளத்தை மாற்றாமல் அப்படியே பூட்டிப் பார்த்தேன். உள்ளே என் கை முழுசாகப் போனது! நான் இறுக்கியது பஞ்சைத்தான், பிள்ளையை அல்ல. வண்டி மோதினால் அந்தப் பஞ்சு அமுங்கிவிடும். குழந்தை பட்டையை விட்டு வெளியே வந்துவிடலாம்.

இப்போது பனியன், முழுக்கைச் சட்டை, சாக்ஸ் மட்டும். கழுத்துக்குக் கீழே, காறை எலும்பருகே பட்டையை இரண்டு விரலால் கிள்ளிப் பார்ப்பேன். மடிப்பு பிடிபட்டால் இன்னும் இழுக்க வேண்டும். "புள்ளைக்குக் குளிருமே கண்ணு" என்றார் அம்மா. சரிதான். அதற்குத்தான் பூட்டிய பிறகு, பட்டைக்கு மேலே, முகத்தில் படாமல் ஒரு போர்வை. ஜெர்கின், ஏரிக்கரையில் இறங்கியதும்.