நூலிழை வெற்றியும் போராட்டப் பதாகையும்: பகிர்வதற்கு முன் சரிபார்ப்பது எப்படி?

தேர்தல் முடிவு நூலிழையில் வந்துவிட்டால் அன்று இரவே வாட்ஸ்அப் குழுக்கள் கொதிக்க ஆரம்பித்துவிடும். "ஓட்டைத் திருடிட்டாங்க" என்பார் ஒருவர். "தோத்தவங்க புலம்புறாங்க" என்பார் இன்னொருவர். நடுவில் யாரோ பதாகை பிடித்து நிற்கும் படம் ஒன்று வந்து விழும்.

அப்படி ஒரு படத்தை எங்கள் குடும்பக் குழுவில் நானே போட்டிருக்கிறேன். அதிலிருந்த வாசகம் என் கோபத்துக்குத் தோதாக இருந்தது, அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்து அத்தை கேட்டார்: "ஏம்ப்பா, அந்தப் பொண்ணு கையில இருந்த அட்டையில அப்படி எழுதவே இல்லையாமே?" அந்தப் பெண்ணின் முகம் படத்தில் பளிச்சென்று தெரியும். அவர் சொல்லாத ஒன்றை அவர் பெயரில் நாற்பது பேருக்கு அனுப்பியிருந்தேன். அன்றிலிருந்து எதையும் பகிர்வதற்கு முன் நான் செய்வதை இங்கே எழுதுகிறேன். ஒரு கைபேசியும் பத்து நிமிடமும் இருந்தால் போதும்.

படி 1: படத்தைச் சேமியுங்கள்

ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். படத்தையே கேலரியில் சேமியுங்கள், அப்போதுதான் பெரிதாக்கினால் ஓரளவாவது தெளிவாக இருக்கும். எப்போது, எந்தக் கேமராவில் எடுத்தது என்ற விவரம் உள்ளே இருக்கும் என்று தேடாதீர்கள். சாதாரணமாக அனுப்பும் படங்களில் அதையெல்லாம் வாட்ஸ்அப் நீக்கிவிடும்.

படி 2: எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்

நிதானம் தேவைப்படும் இடம் இதுதான். ஏமாற்றுபவர்களுக்கு வசதியானது வெள்ளை அட்டை. இருந்ததை அழித்துவிட்டு வேண்டியதை எழுதிவிடலாம். கையால் எழுதியது போலத் தெரிகிறதா? ஒரே எழுத்து இரண்டு மூன்று இடத்தில் வருவதைத் தேடுங்கள். மார்க்கர் பேனாவால் நான்கு முறை 'க' எழுதினால் நான்கும் நான்கு விதமாகத்தான் இருக்கும். ஒன்றின் சுழி சற்று உருண்டு போகும், ஒன்றின் கால் நீளும். நான்கும் அச்சடித்தாற்போல் இருந்தால் அது கையெழுத்துப் போன்ற எழுத்துரு.

அடுத்து விரல்கள். அட்டையின் விளிம்பைப் பிடித்திருக்கும் விரலுக்கு அடியில் எழுத்து மறைய வேண்டும், விரல் மேல் ஏறக் கூடாது. அட்டை மடிந்திருந்தால் அந்த மடிப்பில் எழுத்தும் வளைய வேண்டும். அட்டையில் பாதி நிழல் என்றால் எழுத்தின் மீதும் நிழல் விழ வேண்டும். செயற்கை நுண்ணறிவு வரைந்த படங்களில் தமிழ் எழுத்து பல சமயம் காட்டிக்கொடுத்துவிடும். புள்ளி இடம் மாறும், கொம்பும் துணைக்காலும் தமிழிலேயே இல்லாத வடிவம் எடுக்கும். ஆனால் கருவிகள் தேறிக்கொண்டே வருகின்றன. எழுத்து சரியாக இருப்பதாலேயே படம் அசல் ஆகிவிடாது.

படி 3: பழைய பிரதியைத் தேடுங்கள்

கூகுள் செயலியில் கேமரா குறியைத் தொட்டு (அதுதான் லென்ஸ்) படத்தைக் கொடுங்கள். முதலில் முழுப் படம். பிறகு பதாகையை விட்டுவிட்டு ஆளையும் பின்னணியையும் மட்டும் தேர்ந்தெடுத்துத் தேடுங்கள். பதாகையோடு தேடினால் அதே வாசகம் கொண்ட போலிகளே வரிசையாக வரும். ஆளை மட்டும் தேடினால் வேறு வாசகம் தாங்கிய அசல் கிடைக்கலாம். டின்ஐ (TinEye) என்ற படத்தேடல் தளத்தில் பழையது முதலில் வரும்படி அடுக்கலாம். அது காட்டுவது அந்தத் தளம் படத்தை முதலில் கண்ட நாள், படம் எடுத்த நாள் அல்ல.

2023 மே 28 அன்று டெல்லியில் போராடிய மல்யுத்த வீராங்கனைகள் வினேஷ் போகத்தும் சங்கீதா போகத்தும் கைதானபோது காவல்துறை வண்டிக்குள் எடுத்த செல்ஃபி நினைவிருக்கிறதா? அவர்கள் சிரிப்பது போன்ற படம் நாடெங்கும் சுற்றி, "போராட்டமே நாடகம்" என்ற பேச்சு கிளம்பியது. அசலில் அவர்கள் முகத்தில் சிரிப்பே இல்லை. அசல் படத்தை முகம் மாற்றும் செயலி ஒன்றில் போட்டு, அதே சிரிப்பை வரவழைத்தே காட்டினார்கள் சரிபார்ப்பாளர்கள்.

படி 4: பதாகை அசல்தான், பொருள் என்ன?

2020 ஜனவரியில் மும்பை கேட்வே ஆஃப் இந்தியாவில் ஒரு பெண் 'ஃப்ரீ காஷ்மீர்' என்ற பதாகையைப் பிடித்திருந்தார். படம் உண்மை. பிரிவினை கேட்கிறார் என்று புகார் எழுந்து வழக்கும் பதிவானது. காஷ்மீரில் அப்போதிருந்த இணைய முடக்கத்திலிருந்து விடுதலை என்ற பொருளில்தான் பிடித்தேன் என்றார் அவர். பிடித்தவர் என்ன சொன்னார் என்று ஒரு முறையாவது தேடிப் படியுங்கள்.

பிடித்திருப்பவர் யார் என்பதும் முக்கியம். 2000 அமெரிக்க அதிபர் தேர்தலில், ஃபுளோரிடா மாநிலத்தில் புஷ்ஷுக்கும் அல் கோருக்கும் இடையே கடைசியில் நின்ற வித்தியாசம் 537 வாக்கு. அந்த நவம்பர் 22 அன்று மயாமியில் மறு எண்ணிக்கையை எதிர்த்துக் கூச்சலிட்ட கூட்டத்தில் பலர் உள்ளூர் வாக்காளர்கள் அல்லர், வெளியூரிலிருந்து வந்த குடியரசுக் கட்சி ஊழியர்கள். படங்களை வைத்தே அவர்களை அடையாளம் கண்டார்கள்.

படி 5: எண்களை நீங்களே கூட்டுங்கள்

மும்பை வடமேற்கு, 2024 மக்களவைத் தேர்தல். ஷிண்டே அணி சிவசேனாவின் ரவீந்திர வாய்க்கர் 4,52,644. உத்தவ் அணியின் அமோல் கீர்த்திகர் 4,52,596. வித்தியாசம் வெறும் 48. சில நாளில், கைபேசிக்கு வந்த ஓடிபியால் வாக்கு இயந்திரத்தைத் திறந்தார்கள் என்று ஒரு செய்தி பரவியது. தேர்தல் அதிகாரி மறுத்தார். இயந்திரம் தனித்து இயங்குவது, அதற்கு ஓடிபியே கிடையாது. எண்ணிக்கை விவரங்களைப் பதிவேற்றும் என்கோர் தளத்துக்குள் நுழையத்தான் ஓடிபி வேண்டும் என்றார். செய்தி வெளியிட்ட நாளிதழும் தவறை ஒப்புக்கொண்டது.

இப்போது தேர்தல் ஆணையத்தின் முடிவுகள் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இயந்திர வாக்கும் தபால் வாக்கும் தனித்தனிப் பத்தியில் இருக்கும். இயந்திரத்தில் கீர்த்திகர் 4,51,095, வாய்க்கர் 4,51,094. அதாவது இயந்திரத்தில் முந்தியவர் தோற்றவர், ஒரே ஒரு வாக்கில்! தபாலில் வாய்க்கர் 1,550, கீர்த்திகர் 1,501. வெற்றியைத் தீர்மானித்தது தபால் வாக்கு. இதைக் கூட்டிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. இயந்திரத்தைப் பற்றியே குழுக்களில் நாள்கணக்காகச் சண்டை நடந்தது.

ஆகவே வித்தியாசம் சிறிதாக இருந்தால், தள்ளுபடியான தபால் வாக்கு எத்தனை என்று முதலில் கேளுங்கள். வித்தியாசத்தைவிட அது அதிகமாக இருந்தால், முடிவை அறிவிப்பதற்கு முன் அவற்றை மறுபடி சரிபார்த்தாக வேண்டும் என்பது ஆணையத்தின் விதி. மும்பையில் தள்ளுபடியானவை 111, மறுபடி பார்த்தார்கள்.

நம் ராதாபுரம் இன்னும் நல்ல பாடம். 2016 சட்டமன்றத் தேர்தலில் அதிமுகவின் இன்பதுரை 69,590, திமுகவின் அப்பாவு 69,541. வித்தியாசம் 49. சான்றொப்பம் (அதிகாரி சான்றளித்துப் போடும் கையொப்பம்) செல்லாது என்று தள்ளிய தபால் வாக்குகள் 203! 2019 அக்டோபரில் உயர் நீதிமன்றம் தபால் வாக்குகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. எண்ணியதை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. ஆக, சந்தேகம் எழுப்புவது தப்பில்லை. எந்த எண்ணை வைத்து எழுப்புகிறோம் என்பதுதான் கேள்வி. முடிவு அறிவித்த 45 நாளுக்குள் தேர்தல் வழக்குப் போடலாம். போட்டிருந்தால் அந்த மனுவில் என்ன புகார் இருக்கிறது என்று பாருங்கள், பரவும் படத்தில் இருக்கும் புகாரோடு ஒப்பிடுங்கள்.

படி 6: குழுவில் போடுங்கள்

படம் போலி என்று தெரிந்தால் அசலையும் அதன் இணைப்பையும் அதே செய்திக்குப் பதிலாகப் போடுங்கள். போலியைத் திரும்பப் போடவே வேண்டியிருந்தால் அதன் மேல் குறுக்கே 'போலி' என்று பெரிதாக எழுதிவிட்டுப் போடுங்கள். அனுப்பியவர் பெரியவர் என்றால் குழுவில் வைத்துச் சொல்லாமல் தனியாக ஒரு போன் செய்யுங்கள். அத்தை என்னிடம் கேட்டதும் அப்படித்தான், போனில். படத்தை அழித்துவிட்டுக் குழுவில் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அசல் படத்தைத் தேடிப் போட்டது அத்தை.