வயிற்றுக்குள் ஒரு தவளை: மழைக்குப் பயப்படும் பிள்ளைக்குப் படப்புத்தகம் செய்யும் முறை

அண்ணன் மகளுக்கு ஏழு வயது. கேரளத்தில் மூணாறு பக்கம் எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருக்கிறாள். தகரக் கூரையில் மழை விழும் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுவாள். 2020 ஆகஸ்டில் எங்கள் பக்கத்துப் பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் மாண்டபோது அவள் கைக்குழந்தை. பெரியவர்கள் பேசிப் பேசியே அந்தப் பயம் அவளிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அவளுக்காக ஒரு புத்தகம் செய்தேன். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் செய்யலாம்.

முதலில் ஒரே ஓர் உணர்வை எடுத்துக்கொள்ளுங்கள். கோபம், பொறாமை எல்லாவற்றையும் ஒரே புத்தகத்தில் திணிக்க வேண்டாம். ஏ4 தாள் நான்கை ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்தால் 16 பக்கம் கிடைக்கும். பக்கத்துக்கு ஒரு படம், இரண்டு வரி போதும்.

அடுத்தது சொற்கள். நான் திணறியது இங்கேதான். எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். மலையாளத்தில் விஷமம் என்றால் மனவருத்தம், நமக்கோ குறும்பு. அங்கே சங்கடம் என்றால் துக்கம், பேடி என்றால் பயம். ஒருநாள் இவள் தனக்கு விஷமமாக இருக்கிறது என்று சொல்லப்போய், "விஷமம் செய்தால் அடி விழும்" என்று பாட்டி அதட்டிவிட்டார். பிள்ளை அதன்பிறகு வாயே திறக்கவில்லை. நானும் முதல் பிரதியில் பதற்றம், மன அழுத்தம் என்றெல்லாம் எழுதி வைத்திருந்தேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அந்தத் தாள்களைத் தூக்கி வைத்துவிட்டு, "மழை பெய்தால் உடம்பில் எங்கே, என்ன செய்கிறது?" என்று கேட்டேன். வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "இங்கே தவளை குதிக்கிறது" என்றாள். எனக்குக் கதை கிடைத்துவிட்டது. பயந்தால் அட்ரினலின் சுரந்து நெஞ்சு படபடக்கும், வயிறு கலங்கும். அதைத்தான் அவள் தவளை என்கிறாள். நீங்களும் உங்கள் பிள்ளையிடம் இப்படியே கேளுங்கள். அது சொல்லும் சொல்லைத் திருத்தாமல் எழுதுங்கள்.

கதை சிறியதுதான். மழை வருகிறது, தவளை குதிக்கிறது, சிறுமி வயிற்றில் கை வைத்து மூச்சை உள்ளே இழுத்து, மெதுவாக நீளமாக வெளியே விடுகிறாள். மூச்சை நீட்டி விடும்போது நெஞ்சின் துடிப்பு தணியும். தவளை உட்கார்ந்துகொள்கிறது. அது ஓடிப்போய்விட்டது என்று முடிக்காதீர்கள். அடுத்த மழைக்கு அது மறுபடியும் குதிக்கும். "மழையால் ஒன்றும் ஆகாது" என்றும் எழுதாதீர்கள். எங்கள் மலையில் அது பொய். ரெட் அலர்ட் வந்தால் டார்ச்சும் பையும் எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போவோம் என்று ஒரு பக்கம் வரைந்தேன். அவள் அதிகம் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

வரைவதற்கு கிரேயான்தான் நல்லது. ஸ்கெட்ச் பேனா மறுபக்கம் ஊறிவிடும். பக்க எண் போடும்போது, ஒரு தாளை விரித்து வைத்தால் ஒரே முகத்தில் இருக்கும் இரண்டு பக்க எண்களைக் கூட்டினால் 17 வரவேண்டும்: இடப்புறம் 16, வலப்புறம் 1, அதைத் திருப்பினால் 2, 15. இந்தக் கணக்கு தெரியாமல் நான் ஒரு பிரதியை வீணடித்தேன்.

ஸ்டேப்ளர் பின் பிள்ளையின் விரலைக் கிழிக்கும் என்பதால் நான் நூலால்தான் தைப்பேன். மடிப்பில் மூன்று துளை போடுங்கள். உள்ளிருந்து நடுத்துளை வழியாக ஊசி வெளியே வரட்டும். மேல் துளை வழியாக உள்ளே, கீழ்த் துளை வழியாக வெளியே, மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே கொண்டுவந்து முடிச்சுப் போடுங்கள்.

பின்னட்டையில் 14416 என்று எழுதுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது. கட்டணம் இல்லை, எந்நேரமும் பேசலாம். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டுப்போயிருந்தால் புத்தகத்தோடு நிற்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

பின்னர் சேர்த்தது: முதலில் பயத் தவளைக்குக் கறுப்பு நிறம் தீட்டியிருந்தேன். இதைப் படித்த ஒரு தாய், தன் மகளை வகுப்பில் கறுப்பி என்று கேலி செய்கிறார்கள் என்றும், கெட்டதெல்லாம் கறுப்பா என்று அவள் கேட்டதாகவும் எழுதியிருந்தார். அன்றே மஞ்சளாக மாற்றிவிட்டேன். நீங்களும் கறுப்பு நிறத்தைப் பயத்துக்குக் கொடுக்காதீர்கள்.

பக்கம் 15-ஐ வெறுமையாக விட்டு, கூடவே ஒரு பென்சிலும் கொடுங்கள். எங்கள் பிள்ளை அதில் தவளைக்குக் குடை வரைந்திருக்கிறாள். குடைக்குள் பாட்டியும் நிற்கிறார்.