குழந்தைகள் நலக் குழுவிடமிருந்து பிள்ளையைத் திரும்பப் பெற்றது: என் அனுபவம்

பிள்ளையை வைத்திருக்கும் குழந்தைகள் இல்லத்து வாசலில் போய் நின்று பயனில்லை; பிள்ளையை விடுவிக்கும் அதிகாரம், பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்குத்தான். முதலில், பிள்ளையை இல்லத்தில் சேர்க்கச் சொன்ன குழுவின் உத்தரவின் நகலை வாங்கித் தேதியைப் பாருங்கள். குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான்.

எங்களுக்கு இழுத்தடித்தது இனிஷியல். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் வேறு. குடும்ப அட்டையும் பள்ளிச் சான்றிதழும் சேர்த்துக் கொடுத்த பிறகே நகர்ந்தது.

அடுத்து சமூக விசாரணை அறிக்கை, அதாவது வீட்டுக்கு வந்து குடும்ப நிலையை விசாரித்துக் குழுவுக்கு எழுதிக் கொடுப்பது. சட்டப்படி 15 நாளில் முடிய வேண்டும். வீடு பூட்டிக் கிடந்தால் அங்கேயே நின்றுவிடும். விசாரிக்க வருகிறார்கள் என்று சுவருக்கு வெள்ளையடிப்பதைவிட (பலர் செய்கிறார்கள், பாவம்) பிள்ளையை எடுத்த காரணம் தீர்ந்ததற்கு ஆதாரம் காட்டுங்கள். வேலைக்கு அனுப்பியது காரணமென்றால் பள்ளிச் சேர்க்கைக் கடிதம். குடியென்றால் சிகிச்சைச் சீட்டு. வக்கீலுக்கு வசதியில்லையா, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள்.