பெரிய ஹோஸ் சாது, சின்ன பைப்தான் வம்பு: ரேடியேட்டர் கழற்றும்போது செய்யும் தவறுகள்

ஆட்டோமேட்டிக் கியர் காரில் முதல் தடவை ரேடியேட்டர் கழற்றுபவர்கள் மேலும் கீழும் இருக்கும் தடித்த ரப்பர் ஹோஸ்களைப் பார்த்துத்தான் தயங்குவார்கள். அவை சாது. வம்பு எல்லாம் பக்கவாட்டிலோ அடியிலோ ஒட்டிக்கொண்டிருக்கும், விரல் பருமன்கூட இல்லாத இரண்டு ஆயில் பைப்களில்தான். கியர்பாக்ஸில் சூடான ஆயில் ஒன்றின் வழியே வந்து, ரேடியேட்டர் தொட்டிக்குள் மறைந்திருக்கும் சிறிய கூலரில் சூட்டை விட்டுவிட்டு, மற்றதன் வழியே திரும்பிப் போகும். சில கார்களில் இந்தக் கூலர் தனியாக முன்னால் இருக்கும். அப்படியானால் ரேடியேட்டருக்காக அந்த பைப்களைத் தொடவே வேண்டியிருக்காது. இதை முதலில் குனிந்து பார்த்துக்கொள்ளாமல் ஸ்பேனரை எடுப்பதே முதல் தவறு.

சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் கையைச் சுட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். மூடி பொதுவாக 13 முதல் 16 பிஎஸ்ஐ அழுத்தத்தை அடக்கி வைத்திருக்கிறது. அந்த அழுத்தத்தில் கொதிக்காமல் இருந்த கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), மூடி திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். இன்ஜின் ஆறும்வரை வேறு வேலை பாருங்கள். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரையும் கழற்றிவிடுங்கள்; சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் மின்விசிறி தானாகச் சுழலும், நம் விரல் எங்கே இருக்கிறது என்று அது பார்க்காது.

சரி, அந்த பைப்களுக்கு வருவோம். நட் வைத்து இறுக்கியதாக இருந்தால், சாதாரண வாய் ஸ்பேனரைப் போடாதீர்கள். அது இரண்டு பக்கத்தை மட்டும்தான் பிடிக்கும். நட் மென்மையானது, முனை மழுங்கிவிடும். பைப்புக்கு வழிவிட ஓர் ஓரம் வெட்டப்பட்ட ரிங் போன்ற ஃப்ளேர் நட் ஸ்பேனர்தான் இதற்கு. இன்னொரு ஸ்பேனரால் ரேடியேட்டர் பக்கத்தில் அந்த நட் ஏறியிருக்கும் பொருத்தியை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் நட்டுக்குப் பதில் பொருத்தி திரும்பும், உள்ளே கூலரின் இணைப்பு விட்டுப்போகும்.

நான் செய்த தவறு வேறு. நட் நன்றாகச் சுழல்கிறதே என்ற சந்தோஷத்தில் திருப்பிக்கொண்டே போனேன். பார்த்தால் நட் தனியாகச் சுழலவில்லை. துருப்பிடித்து பைப்போடு ஒட்டிக்கொண்டு, பைப்பையும் ஈரத்துணி பிழிகிற மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது. கால் சுற்றிலேயே கவனித்திருந்தால் பிழைத்திருக்கும். இப்போதெல்லாம் ஸ்பேனரைப் பார்ப்பதில்லை, பைப்பைத்தான் பார்க்கிறேன். அது கூடவே திரும்பினால் நிறுத்தி, துரு இளக்கும் ஸ்பிரே அடித்து, நேரம் கொடுத்து, இறுக்குவதும் தளர்த்துவதுமாக மெல்ல ஆட்டி எடுப்பேன்.

கிளிப் வைத்த இணைப்பு என்றால் இழுத்துப் பலனில்லை. உள்ளே இருக்கும் பிடியை விரிக்கிற சிறிய பிளாஸ்டிக் வளையக் கருவி வேண்டும். சில வகையில் வெளிக் கம்பி கிளிப்பை நெம்பி எடுக்க வேண்டும். அந்தக் கிளிப் துள்ளிப் போய் ஒளிந்துகொள்வதில் கெட்டிக்காரன், கையால் மறைத்துக்கொண்டு எடுங்கள். ரப்பர் ஹோஸ் ஒட்டியிருந்தால் ஸ்குரூ டிரைவரால் நெம்பாதீர்கள். பிளாஸ்டிக் தொட்டியின் கழுத்து வெடித்துவிடும். முறுக்கி ஆட்டுங்கள், வரவில்லையென்றால் ஹோஸை நீளவாக்கில் கீறிவிட்டுப் புதிது போடுவதே மலிவு.

கழற்றிய பைப்பின் வாயை மூடாமல் விடுவது பார்க்கச் சின்னத் தவறு. ஆனால் கியர்பாக்ஸின் வால்வுகளுக்குள் மணல் துகள் ஒன்று போனாலும் கியர் மாறுவதில் தகராறு வரும். சுத்தமான ரப்பர் மூடி போடுங்கள், பழந்துணியைத் திணிக்காதீர்கள். நூல் உள்ளே போகும். பைப் கழன்றிருக்கும்போது யாரும் வண்டியை ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது. இன்ஜின் சுற்றினாலே ஆயில் பம்பும் சுற்றும், கொஞ்ச நேரத்தில் கியர்பாக்ஸ் ஆயில் தரையில் இருக்கும். வழிந்த ஆயிலைப் பாத்திரத்தில் பிடித்து அளந்து வையுங்கள், எவ்வளவு திரும்ப ஊற்றுவது என்பதற்கு அதுதான் கணக்கு.

ரேடியேட்டருக்கு முன்னால் நிற்பது ஏசி கண்டன்சர். அதன் இணைப்புகளைத் தொட வேண்டாம். தனியே பிரித்துக் கயிற்றால் கட்டி நிறுத்தினால் போதும். வடித்த கூலண்டைத் திறந்து வைக்காதீர்கள், அதிலிருக்கும் எத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனம் இனிக்கும், நாய் பூனை நக்கினால் உயிருக்கே ஆபத்து.

அந்த கூலண்ட் ரோஸ்மில்க் போல இருந்தால், கதை வேறு. உள்ளே கூலர் ஓட்டையாகி ஆயிலும் கூலண்டும் கலந்திருக்கின்றன. புது ரேடியேட்டர் மட்டும் போட்டால் தீராது. கிளைக்கால் கியர்பாக்ஸ் கிளட்ச் தட்டுகளின் பசையைக் கரைக்கும். கியர்பாக்ஸையும் பார்த்தே ஆக வேண்டும்.

திரும்பப் பூட்டும்போது நட்டை முதல் சில சுற்று கையால்தான் திருப்ப வேண்டும். ஸ்பேனரில் ஆரம்பித்தால் மரை குறுக்கே ஏறியது தெரியாமலே போகும். ஃப்ளேர் முனையில், அதாவது பைப்பின் விரித்த வாயில், டெஃப்லான் டேப் சுற்றுவதும் வேண்டாம். அங்கே கசிவைத் தடுப்பது மரை இல்லை, உலோகம் உலோகத்தில் உட்காருவதுதான். அப்புறம் அதே வகை ஆயிலை ஊற்றி, கையேடு சொல்கிற முறையில் அளவு பாருங்கள். பல கார்களில் சூடான இன்ஜின் ஓடும்போதே பார்க்க வேண்டும், சிலவற்றில் அணைத்த பிறகு. கூலண்டில் சிக்கிய காற்றையும் வெளியேற்றிவிட்டு, இரவில் அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். காலையில் துளி விழுந்திருந்தால் விரலில் தேய்த்துப் பாருங்கள். வழுக்கி ஒட்டிக்கொண்டே இருந்தால் ஆயில்; தண்ணீரில் சட்டென்று கழுவிப் போனால் கூலண்ட்.