ஆன்டிஆக்சிடன்ட் வீணாகாமல் சமைப்பதும் சாப்பிடுவதும் எப்படி?

நறுக்கிய ஆப்பிள் துண்டில் எலுமிச்சைச் சாறு தடவினால் அது பழுப்பேறுவது தள்ளிப்போகும். தள்ளித்தான் போகும், நின்றுவிடாது. சாற்றிலுள்ள வைட்டமின் சி தன் எலக்ட்ரான்களைக் கொடுத்து, ஆக்சிஜனேற்றமடைந்த பொருளைப் பழைய நிலைக்குத் திருப்பிக்கொண்டே இருக்கும். கையிருப்பு தீர்ந்ததும் துண்டு நிறம் மாறத் தொடங்கும். உடலில் நடக்கும் வேதிவினைகள் வேறு. ஆனாலும் ஆன்டிஆக்சிடன்ட் என்பது தன்னைச் செலவழித்துக் காக்கும் பொருள் என்பது அங்கும் பொருந்தும்.

செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா ஆற்றலை உண்டாக்கும்போது சில எலக்ட்ரான்கள் கசிந்து ஆக்சிஜனோடு சேர்கின்றன. அப்படிப் பிறப்பதுதான் சூப்பராக்சைடு என்ற ஃப்ரீ ரேடிக்கல். ஜோடியில்லாத எலக்ட்ரான் கொண்ட இத்தகைய மூலக்கூறுகள் பக்கத்திலிருப்பதிடம் பிடுங்கப் பார்க்கும். செல் சவ்வின் கொழுப்பில் இது நடந்தால், பறிகொடுத்த மூலக்கூறு அடுத்ததிடம் பறிக்கும், சங்கிலி நீளும். சவ்விலேயே தங்கியிருக்கும் வைட்டமின் ஈ அந்தச் சங்கிலியை அறுக்கிறது. செலவான வைட்டமின் ஈயை வைட்டமின் சி மீட்டுத் தருகிறது. ஒன்றை மட்டும் அள்ளிப் போட்டுப் பயனில்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

பெரிய காவல் வேலை உடலின் சொந்த நொதிகளுடையது. 1969இல் கண்டறியப்பட்ட சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், சூப்பராக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக்கும். கேட்டலேஸும் குளுட்டத்தயோன் பெராக்சிடேஸும் அதை நீராக்கும். இவற்றுக்குத் தாமிரம், துத்தநாகம், மாங்கனீசு, இரும்பு, செலினியம் வேண்டும். ஃப்ரீ ரேடிக்கல் சேதம் சேர்ந்து சேர்ந்துதான் முதுமை வருகிறது என்று டென்ஹாம் ஹார்மன் 1956இல் எழுதினார். அது முதுமைக்கான பல காரணங்களில் ஒன்று, அவ்வளவே.

இனி அடுக்களை. வைட்டமின் சி நீரில் கரையும், சூட்டில் சிதையும். ஆகவே காய்களைக் கழுவிவிட்டு நறுக்குங்கள்; நறுக்கியதைத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். பொடியாக அரிய அரிய வெளிப்படும் பரப்பு கூடும், இழப்பும் கூடும். நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் கணிசமான பகுதி வடிநீரோடு போய்விடும். மூடிவைத்து 4 முதல் 5 நிமிடம் ஆவியில் வேகவைப்பதே மேல். வேகவைத்தே தீர வேண்டுமென்றால் அந்த நீரைச் சூப்பில் சேர்த்துவிடுங்கள். ஆணுக்கு நாளொன்றுக்கு 90 மி.கி., பெண்ணுக்கு 75 மி.கி. போதும். நடுத்தர ஆரஞ்சு ஒன்றிலேயே சுமார் 70 மி.கி. கிடைத்துவிடும்.

தக்காளிக்கு நேர்மாறான விதி. சூடு பட்டால் செல் சுவர் உடைந்து, தக்காளியின் சிவப்பு நிறமியான லைக்கோபீன் அதிகம் வெளிவரும். அது கொழுப்பில் கரைவது. எண்ணெய் ஒரு தேக்கரண்டி போதும். கேரட்டின் பீட்டா கரோட்டினுக்கும் இதே கதைதான். எண்ணெயே இல்லாத சாலட்டில் இவற்றின் பெரும்பகுதி உறிஞ்சப்படாமலே போகும்.

பூண்டிலும் ப்ராக்கோலியிலும் பலர் கோட்டைவிடுவது நேரத்தில். பூண்டின் முக்கியச் சத்துப்பொருளான அல்லிசின் முழுப் பூண்டில் கிடையாது. நசுக்கும்போது ஒரு நொதி அதை உருவாக்குகிறது. நசுக்கிய கையோடு வாணலியில் போட்டால் அந்த நொதி செத்துவிடும். 10 நிமிடம் காத்திருங்கள். ப்ராக்கோலியை நறுக்கி 40 நிமிடம் வைத்தால், அதிலுள்ள நொதியால் சல்ஃபோரஃபேன் என்ற காப்புப் பொருள் உருவாகும். இது தானே ஃப்ரீ ரேடிக்கலோடு மோதுவதைவிட, உடலின் சொந்தக் காவல் நொதிகளைக் கூடுதலாகச் சுரக்கத் தூண்டுவதே முக்கியம். உறைய வைத்த ப்ராக்கோலியில் இந்த வித்தை பலிக்காது. உறைய வைக்கும் முன் கொதிநீரில் முக்கி எடுப்பதில் நொதி அழிந்திருக்கும். அதற்கும் வழி உண்டு: சமைத்து இறக்கியபின் 200 கிராமுக்கு 1 கிராம் கடுகுத்தூள் தூவுங்கள். கடுகிலும் அதே வகை நொதி இருக்கிறது.

பச்சைத் தேநீரைக் கொதிநீரில் போட்டால் கசக்கும். 80 டிகிரி நீரில் 2 முதல் 3 நிமிடம் சரி. தேநீர் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் என்பதால், இரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். பாதாம் 28 கிராமில் 7 மி.கி. வைட்டமின் ஈ இருக்கிறது. அது அன்றைய 15 மி.கி. தேவையில் ஏறக்குறைய பாதி. சிக்கு வாடை வந்த பருப்பைத் தூர எறியுங்கள். அதன் கொழுப்பு ஏற்கெனவே ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டது. பிரேசில் நட் தினம் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஒன்றிலேயே 68 முதல் 91 மைக்ரோகிராம் செலினியம் இருக்கக்கூடும், ஒரு நாள் உச்சவரம்போ 400. நாள்தோறும் கைநிறையத் தின்றால் முடி கொட்டும், நகம் உடையும்.

மாத்திரை விஷயத்தில் எங்கள் கருத்து கடுமையானது: குறைபாடு உறுதியாகாமல் தொடாதீர்கள். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த ஆய்வு 1994இல் வெளிவந்தது. தினம் 20 மி.கி. பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. இன்னொரு பெரிய ஆய்வில் தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ எடுத்த ஆண்களிடம் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது. உடற்பயிற்சி செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பயிற்சியின்போது எழும் ஃப்ரீ ரேடிக்கலே தசைக்கு ‘பலப்படு’ என்று சொல்லும் சமிக்ஞை. தினம் 1,000 மி.கி. வைட்டமின் சியும் 400 யூனிட் வைட்டமின் ஈயும் விழுங்கியவர்களுக்கு, பயிற்சியால் இன்சுலின் செயல்பாட்டில் வரவேண்டிய முன்னேற்றம் வரவில்லை என்று 2009இல் ஓர் ஆய்வு காட்டியது. வார்ஃபரின் என்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவர்களும் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது.

டப்பாவில் ஆன்டிஆக்சிடன்ட் திறனைக் காட்டும் ‘ஓராக்’ மதிப்பு பெரிய எழுத்தில் இருந்தால் மயங்காதீர்கள். அது சோதனைக் குழாயில் அளந்த எண். உடலுக்குள் என்ன நடக்கும் என்பதை அது சொல்லாது என்பதால்தான் அமெரிக்க வேளாண்துறை 2012இல் அந்தப் பட்டியலையே தன் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டது.